உதிர்கொம்பும் பனிக்காலமும்: ஜாக்சன் ஹோல் பள்ளத்தாக்கின் வரலாறு

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வயோமிங் மாநிலத்தில், மேற்கே டீட்டன் மலைத்தொடருக்கும் கிழக்கே குரோ வான்ட் மலைத்தொடருக்கும் இடையே, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்தில் ஜாக்சன் ஹோல் என்னும் பள்ளத்தாக்கு உள்ளது. நாற்புறமும் மலை சூழ்ந்த உயர்நிலப் பள்ளத்தாக்குகளை 'ஹோல்' என்று அழைத்தவர்கள், பீவர் என்னும் நீர்விலங்கின் தோலுக்காக 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கே அலைந்த பொறிவேட்டைக்காரர்கள். அவர்களுள் ஒருவரான டேவிட் ஜாக்சனின் பெயர் பள்ளத்தாக்குக்கும், பின்னர் அதில் எழுந்த ஊருக்கும் நிலைத்துவிட்டது. கோடையில் சுற்றுமலைகளிலும் வடக்கே யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவின் தென்பகுதியிலும் பரவி மேயும் எல்க் மான்கள், மலைகளில் பனி ஆழமாகப் படியத் தொடங்கியதும் பள்ளத்தாக்கின் தரைக்கு இறங்கி வந்து, ஏப்ரல் முடியும்வரை அங்கே தங்குகின்றன; பனிக்காலம் முடியும் தறுவாயில் கலைகள், அதாவது ஆண் மான்கள், தம் கொம்புகளை அங்கே உதிர்த்துவிட்டு மீண்டும் மலையேறுகின்றன. அவ்வாறு உதிர்ந்து கிடக்கும் கொம்புகளைத் தேடிப் பொறுக்கும் வழக்கம், எந்த உயிரையும் கொல்லாமல் காட்டிலிருந்து பொருள் பெறும் வழி என்பதால், குற்றமற்றது என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. அக்கருத்தில் பாதியே உண்மை என்பதைக் கடந்த நூறாண்டு வரலாறு காட்டுகிறது: கொம்பை எடுப்பதில் இல்லாத தீங்கு, அதை எடுக்கும் காலத்தில் இருந்தது.

இதை விளங்கிக்கொள்ள, கொம்பு உதிர்வது எப்படி என்பதை முதலில் அறிய வேண்டும். ஆடு, மாடு, வெளிமான் முதலியவற்றின் கொம்பு, உள்ளே எலும்பும் வெளியே நகத்தை ஒத்த பொருளால் ஆன உறையும் கொண்டு, விலங்கின் ஆயுள் முழுவதும் நிலைத்திருப்பது. எல்க், புள்ளிமான், மிளா போன்ற மானினங்களின் கிளைக்கொம்போ உள்ளும் புறமும் எலும்பாகவே அமைந்து, நெற்றியெலும்பிலிருந்து எழும் ஒரு குட்டையான தண்டின்மேல் ஆண்டுதோறும் புதிதாக முளைத்து, ஆண்டுதோறும் விழுந்துவிடுவது. வளரும் காலத்தில் அதைப் போர்த்தியிருக்கும் மென்மயிர்த் தோலின் வழியே குருதி பாய்ந்து ஊட்டம் தர, எல்க் கலையின் கொம்பு கோடையில் ஒரே நாளில் 2 சென்டிமீட்டருக்கு மேலும் நீள்கிறது. பாலூட்டிகளின் உடலில் இத்தனை விரைவாக வளரும் உறுப்பு வேறில்லை. இலையுதிர்காலத்தில் தோல் உரிந்து கொம்பு கெட்டிப்பட்டு, இணைசேரும் பருவத்துப் போர்களுக்குப் பயன்பட்டபின், பகல்பொழுதின் நீளத்தைத் தொடர்ந்து ஏறி இறங்கும் ஆண் இயக்குநீரின் அளவு தாழ்கிறது. அப்போது, எலும்பை அரிக்கும் உயிரணுக்கள் தண்டுக்கும் கொம்புக்கும் இடையிலுள்ள மெல்லிய அடுக்கைக் கரைத்துவிட, ஓடும்போதோ வேலியைத் தாண்டும்போதோ தலையைச் சிலுப்பும்போதோ கொம்பு கழன்று விழுகிறது. வெள்ளைவால் மான்களும் மியூல் மான்களும் பெரும்பாலும் டிசம்பர் முதல் மார்ச் வரையிலும், எல்க் கலைகள் மார்ச்சிலும் ஏப்ரலிலும் கொம்பை இழக்கின்றன. மூத்த கலைகள் முந்திக்கொள்ள, இளையவை பிந்துகின்றன. வெப்பமண்டலத்தில் இந்த ஒழுங்கு தளர்ந்துவிடுகிறது. முதுமலையில் ஒரே நாளில் மென்மயிர்த் தோல் போர்த்திய கொம்புடன் ஒரு புள்ளிமானையும், முற்றிய கொம்புடன் இன்னொன்றையும், கொம்பே இல்லாமல் மற்றொன்றையும் காண முடிவது இதனால்தான். குளிர்நாட்டில் கொம்பு தேடுவோருக்கு ஒரு பருவம் வாய்த்ததற்கும், அந்தப் பருவம் மான்களுக்கு மிகக் கொடிய பருவமாக அமைந்ததற்கும் காரணம் ஒன்றே: அங்கே நாள்காட்டி பகலொளியின் கையில் இருக்கிறது.

உதிர்கொம்பைப் பொறுக்கும் வழக்கம் உழவைப் போலவே தொன்மையானது என்று சொல்வதில் மிகையில்லை. இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியிலுள்ள கிரைம்ஸ் கிரேவ்ஸ் என்னுமிடத்தில், ஏறத்தாழ கி.மு. 2600 அளவில், சிக்கிமுக்கிக் கல்லுக்காகச் சுண்ணப்பாறையைக் குடைந்து நானூறுக்கும் மேற்பட்ட சுரங்கக் குழிகளை வெட்டிய மக்களிடம் உலோகம் இல்லை. அவர்கள் கையாண்ட குந்தாலி, செம்மானின் கொம்பு. அடிக்கிளையை மட்டும் விட்டு மற்றக் கிளைகளை ஒடித்துவிட்டால், நடுத்தண்டு பிடியாகவும் அடிக்கிளை அலகாகவும் அமைந்துவிடும். 1868 முதல் 1870 வரை அங்கே அகழ்ந்த வில்லியம் கிரீன்வெல் என்னும் பாதிரியார், சுரங்கத்தின் உட்கிளையொன்றில் வேலைக்காரர் விட்டுச்சென்ற குந்தாலிகளையும், அவற்றின்மேல் படிந்து காய்ந்த சுண்ணக் குழம்பில் நாலாயிரம் ஆண்டுக்கு முந்திய கைரேகையையும் கண்டார். அங்கே கிடைத்த கொம்புகளில் பெரும்பாலானவை, கொல்லப்பட்ட மானின் மண்டையிலிருந்து வெட்டப்பட்டவை அல்ல, தாமாக உதிர்ந்தவை என்பதை அவற்றின் அடிப்பகுதியின் வடிவமே காட்டிவிடுகிறது. உதிர்ந்த கொம்பின் அடி சற்றே குவிந்து வழுவழுப்பாக இருக்கும், வெட்டியெடுத்த கொம்பில் மண்டையெலும்பு ஒட்டியிருக்கும். ஸ்டோன்ஹெஞ்சைச் சுற்றியுள்ள அகழியும் இத்தகைய குந்தாலிகளால் தோண்டப்பட்டதே, அதன் அடியில் கிடைத்த கொம்புகளின் கரிமக் கணக்கீட்டால்தான் அந்த அகழியின் காலம் கி.மு. 3000ஐ ஒட்டியது என்று துணியப்பட்டது. இத்தனை கொம்பு ஆண்டுதோறும் தேவைப்பட்ட ஒரு சமுதாயம், செம்மான்கள் எந்தச் சரிவில் பனிக்காலத்தைக் கழிக்கின்றன, எப்போது கொம்பை விடுகின்றன என்பதைத் துல்லியமாக அறிந்தும், அந்த மான்களை அளவுமீறிக் கொல்லாமலும் இருந்திருக்க வேண்டும்.

வைக்கிங் காலத்தின் வட ஐரோப்பிய நகரங்களில் இதே பொருள் சீப்புத் தொழிலுக்கு மூலப்பொருளாயிற்று. எலும்பைவிட நெகிழ்வும் வலிமையும் கூடிய கொம்பை மெல்லிய தகடுகளாக அறுத்து, இரு பட்டைகளுக்கிடையே வரிசையாக வைத்து ஆணியடித்துப் பல் வெட்டிய சீப்புகள், ஹெடெபி, ரிபெ, யார்க் முதலிய ஊர்களின் மண்ணில் ஏராளமாகக் கிடைத்துள்ளன. டென்மார்க்கின் ரிபெயில் 8ஆம் நூற்றாண்டுப் படிவுகளிலேயே, அந்நாட்டில் வாழாத பனிமானின் கொம்பு இருப்பது புரதப் பகுப்பாய்வால் உறுதிப்பட்டபோது, வடக்கே நார்வே நாட்டின் மலைகளிலிருந்து கொம்பு கடல்வழியாக வந்தது என்பதும், வைக்கிங்குகளின் கொள்ளைப் பயணங்களுக்கு முன்பே அந்த வணிகப்பாதை திறந்திருந்தது என்பதும் தெரியவந்தன.

அமெரிக்க மேற்குப் பகுதியின் தொல்குடிகளிடம் கொம்பு வீட்டுக் கருவியாகவும் வழிபாட்டுப் பொருளாகவும் இருந்தது. சமவெளிக் குடிகளின் பெண்கள் எருமைத்தோலைச் சீவி மெல்லியதாக்கப் பயன்படுத்திய கருவியின் பிடி, முழங்கையைப் போல வளைந்த எல்க் கொம்பு. மிசூரி ஆற்றங்கரையில் சோளமும் அவரையும் பயிரிட்ட ஹிடாட்சா மக்கள் மான்கொம்பால் ஆன வாருகோலால் கொல்லையைச் சீர்செய்தனர் என்பதை, அக்குடியைச் சேர்ந்த எருமைப்பறவைப் பெண் என்னும் மூதாட்டி சொல்லக் கேட்டுக் கில்பர்ட் வில்சன் என்பவர் 1917இல் வெளியிட்ட நூல் பதிவுசெய்துள்ளது. 1833இல் மிசூரி ஆற்றில் மேல்நோக்கிப் பயணம் செய்த ஜெர்மானிய இளவரசர் மாக்சிமிலியனும் அவருடன் சென்ற ஓவியர் கார்ல் போட்மரும், இன்றைய மான்டானா மாநிலத்தின் வடகிழக்கில், ஆற்றை ஒட்டிய வெளியில், எல்க் கொம்புகளை அடுக்கி எழுப்பிய உயரமான குவியல் ஒன்றைக் கண்டு எழுத்திலும் ஓவியத்திலும் பதிந்தனர். அவ்வழியே செல்லும் வேட்டைக் குழுக்களும் போர்க்குழுக்களும், வேட்டையில் பேறு கிட்டும் என்ற நம்பிக்கையுடன், ஆளுக்கொரு கொம்பை அதன்மேல் வைத்துச் செல்வது வழக்கமாக இருந்தது. பின்னாளில் ஜாக்சன் நகரச் சதுக்கத்தில் எல்க் கொம்புகளால் எழுப்பப்பட்ட வளைவுகளைப் பற்றிப் பேசுவோர் அவற்றை ஒரு சுற்றுலா அலங்காரமாக மட்டும் கருதிவிடுவதுண்டு. அமெரிக்க மேற்கில் கொம்பைக் குவித்து நிறுத்தும் எண்ணம், நகரம் தோன்றுவதற்கு முன்பே வேரூன்றியது என்பதைப் போட்மரின் ஓவியம் நினைவூட்டுகிறது.

ஜாக்சன் ஹோலில் 1884இல் முதல் குடியேறிகள் நிலம் பிடித்தனர். பனிக்காலம் நீண்டு கடுமையாக இருந்ததால் தானியம் விளையாது. மாடு வளர்ப்பதொன்றே பிழைப்பு, அதற்குப் பனிக்காலத்துக்கான உலர்புல் தேவை, அப்புல் விளைந்ததோ எல்க் மான்கள் தலைமுறை தலைமுறையாகப் பனிக்காலத்தைக் கழித்த அதே பள்ளத்தாக்குத் தரையில். வேலிகளும் பண்ணைகளும் பெருகப் பெருக, மான்கள் மேலும் தெற்கே இறங்கிச் சென்ற பழைய தடங்கள் அடைபட்டன. பள்ளத்தாக்கிலேயே சிக்கிக்கொண்ட மந்தைகள் பண்ணையாரின் உலர்புல் போரை நாடிவந்தன, பசியால் வேலியோரத்தில் செத்துக் குவிந்தன. 1909ஆம் ஆண்டுப் பனிக்காலம் மிகக் கடுமையானது. தம் மாடுகளுக்கே புல் போதாத நிலையில் ஊர்மக்கள் தமக்குள் பணம் திரட்டி மான்களுக்குப் புல் வாங்கியதும், மாநில அரசு 5,000 டாலர் ஒதுக்கியதும் அந்த ஆண்டில்தான். ஸ்டீபன் லீக் என்னும் பண்ணையார், பனியில் நின்றும் கிடந்தும் சாகும் மான்களைப் படமெடுத்து, நாடெங்கும் சென்று அப்படங்களைக் காட்டிப் பேசினார், எழுதினார். அந்தப் படங்கள் எழுப்பிய இரக்கமே 1911இல் கூட்டரசை 20,000 டாலர் ஒதுக்கச் செய்து, 1912 ஆகஸ்ட் 10 அன்று தேசிய எல்க் சரணாலயம் அமையவும் வழிசெய்தது. இன்று ஏறத்தாழ 25,000 ஏக்கர் பரப்புள்ள அச்சரணாலயம், வேட்டையாடும் உரிமைக்காகவோ இயற்கைக் காட்சிக்காகவோ உருவாகாமல், பட்டினியைத் தடுப்பதற்காகவே உருவான ஒன்று என்பதை மறந்துவிடலாகாது.

இதே ஆண்டுகளில் மானின் உடலிலிருந்து விலைபோன பொருள் கொம்பன்று, பல். எல்க் மானின் மேல்தாடையிலுள்ள இரண்டு கோரைப்பற்கள் தந்தத்தைப் போன்று மெருகேறுபவை; 1868இல் நியூயார்க்கில் தோன்றி நாடெங்கும் பரவிய எல்க்ஸ் என்னும் ஆடவர் சங்கத்தின் உறுப்பினர்கள் அப்பற்களைக் பைக்கடிகாரச் சங்கிலியில் அடையாளமாகத் தொங்கவிட்டதால், இரண்டு பற்களுக்காக ஒரு முழு மானைச் சுட்டுவிட்டு இறைச்சியை அழுகவிடும் கொள்ளையர் பள்ளத்தாக்கில் பெருகினர். 1906 அளவில் ஜாக்சன் குடிமக்கள் தாமே கூடி அவர்களை எச்சரித்து ஊரைவிட்டு விரட்டினர். பல்லுக்காகக் கொல்லும் கொடுமையைக் கண்ணாரக் கண்ட மக்களுக்கு, உதிர்ந்து கிடக்கும் கொம்பைப் பொறுக்குவது எத்தனை தூய்மையான காரியமாகத் தோன்றியிருக்கும் என்பதை இந்தப் பின்னணியில் வைத்துத்தான் உணர முடியும். பண்ணைவீட்டு வாசல் வளைவுகளுக்கும் வேலிக்கும் விளக்குத் தாங்கிகளுக்கும் கொம்பு சேர்ப்பது வழக்கமாயிற்று. யெல்லோஸ்டோனின் மாமத் வெந்நீரூற்றருகே புகைப்படக் கலைஞர் ஹெய்ன்ஸ் வைத்திருந்த கூடத்தைச் சுற்றி எல்க் கொம்பாலேயே வேலி அமைந்திருந்தது.

சரணாலயம் அமைந்தபின் ஆயிரக்கணக்கான கலைகள் ஒரே இடத்தில் பனிக்காலத்தைக் கழித்ததால், ஒவ்வொரு வசந்தத்திலும் அந்தத் தரையில் பெருந்திரளாகக் கொம்பு கிடந்தது. எல்க் கலையின் கொம்பு இணை ஒன்று பத்துக் கிலோவை எட்டுவது இயல்பு. பொதுமக்கள் அங்கே நுழைந்து பொறுக்குவது தடைசெய்யப்பட்டு, அப்பணி உள்ளூர்ச் சாரணர் இயக்கத்துச் சிறுவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. ஏப்ரல் இறுதியில் மான்கள் மலையேறத் தொடங்கியபின் அவர்கள் சரணாலயத்தை வரிசையாக நடந்து அலசி, கொம்புகளைத் தரம்பிரித்துக் கட்டி வைக்கின்றனர். 1953இல் ரோட்டரி சங்கத்தினர் நகரச் சதுக்கத்தின் ஒரு மூலையில் முதல் கொம்பு வளைவை எழுப்பினர். 1960களின் இறுதிக்குள் நான்கு மூலைகளிலும் வளைவுகள் நின்றன, ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 2,000 கொம்புகள். ஜாக்சனுக்குத் தெற்கே ஆஃப்டன் என்னும் ஊரில் 1958இல் நெடுஞ்சாலைக்கு மேலே எழுப்பப்பட்ட வளைவில் 3,000க்கும் மேற்பட்ட கொம்புகள் உள்ளன. 1968 முதல் சாரணர்கள் தாம் சேர்த்ததை மே மாதத்தில் சதுக்கத்திலேயே ஏலம் விடுகின்றனர். வருவாயில் ஏறத்தாழ முக்கால் பங்கு சரணாலயத்தின் புல்வெளி மேம்பாட்டுக்கும் நீர்ப்பாசனத்துக்கும் சேர்கிறது. கொம்பு தந்த மானுக்கே அதன் விலையின் பெரும்பகுதி புல்லாகத் திரும்பும் இந்த ஏற்பாடு, இவ்வரலாறு முழுவதிலும் மிக நேர்மையான பகுதி என்பதில் ஐயமில்லை.

ஆனால் ஏலம் கொம்புக்கு ஒரு பொது விலையை நிறுவியது, சரணாலயத்து எல்லைக்கு அப்பால் கிடக்கும் கொம்புக்கும் அவ்விலை பரவியது. 1970களிலும் 80களிலும் கொரியாவுக்கும் பிற ஆசிய நாடுகளுக்கும் மருந்துக்காகக் கொம்பு அனுப்பும் வணிகர்கள் ஏலத்தில் முன்னின்றனர். மரச்சாமான், விளக்கு, பொத்தான், கத்திப்பிடி செய்வோரும் வாங்கினர். 21ஆம் நூற்றாண்டில் நாய்கள் கடித்து மெல்லக் கொம்புத்துண்டை விற்கும் தொழில் வளர்ந்து தேவையை மேலும் கூட்டியது. பொறுக்குவோரிடையே கொம்புக்கு மூன்று தரம் வழங்குகிறது: அந்த ஆண்டே விழுந்து நிறம் மாறாதது 'பழுப்பு', ஓரிரு ஆண்டு வெயிலில் கிடந்து வெளுத்தும் உறுதி குன்றாதது 'கெட்டி வெள்ளை', பல ஆண்டு கிடந்து வெடித்துப் பொரிந்தது 'சுண்ணாம்பு'. விலை முதலதற்கே மிகுதி. அதற்கு மேலும் நாளாகிவிட்டால் எலியும் அணிலும் முள்ளம்பன்றியும் சுண்ணச்சத்துக்காகக் கொறித்தே கொம்பைத் தீர்த்துவிடும். ஆகவே வணிகத்தின் தர்க்கம் தேடுவோரை விழுந்தவுடன் எடுக்கத் தூண்டியது, விழுந்தவுடன் எடுக்க வேண்டுமானால் மானின் பின்னாலேயே திரிய வேண்டியிருந்தது.

இவ்விடத்தில் தமிழ்நாட்டோடும் இலங்கையோடும் ஓர் உண்மையான தொடர்பு உண்டு. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்தில், 1624இல் சட்டப்படி அமைந்த கத்திக் கொல்லர் கழகத்தின் வழிவந்த தொழிலகங்கள், 19ஆம் நூற்றாண்டில் மடக்குக்கத்திக்கும் இறைச்சி வெட்டும் கத்திக்கும் மிகவும் விரும்பிய பிடி மான்கொம்பு. அதற்கு ஐரோப்பியச் செம்மானைவிட இந்தியத் துணைக்கண்டத்து மிளாவின் கொம்பே உகந்ததாக இருந்தது, ஏனெனில் அதன் உள்ளே பஞ்சுபோன்ற பகுதி சிறுத்து, சுவர் தடித்திருக்கும். எல்க் கொம்பு பெரிதாயினும் உள்ளீடு நொய்மையானது. பிரித்தானியர் இந்தியாவிலும் இலங்கையிலும் மிளாவையே 'எல்க்' என்று அழைத்தனர். நுவரெலியா மலைகளில் நாய்களுடன் சாமுவேல் பேக்கர் வேட்டையாடியதாக எழுதிய 'எல்க்', இலங்கைத் தமிழர் மரை என்று சொல்லும் மானே. 1927ஆம் ஆண்டு இந்திய வனச்சட்டம், காட்டில் கிடைக்கும் கொம்பையும் எலும்பையும் தேன், மெழுகு ஆகியவற்றோடு சேர்த்து வனப்பொருள் என்று வகுத்தது. சித்த மருத்துவத்தில் மான்கொம்பைப் புடமிட்டுச் செய்யும் சிருங்கி பற்பம் இருமலுக்கும் நெஞ்சுவலிக்கும் வழங்கப்பட்டது. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் அதன் பின்வந்த திருத்தங்களும் வணிகத்தை இறுக்கின. 1990களின் பிற்பகுதியில் உதிர்கொம்பு ஏற்றுமதி தடைபட்டது. இத்தடைக்கான காரணம் ஜாக்சனில் எழுந்த காரணத்திலிருந்து வேறுபட்டது: வெப்பமண்டலக் காட்டில் கொம்பு உதிர்வதற்குத் தனிப்பருவம் இல்லாததால், உதிர்ந்தது என்று சொல்லிக் கொன்று எடுத்ததையும் கலந்து விற்பதைத் தடுப்பது அரிதாக இருந்தது. ஒரு நாடு பொருளையே தடுத்தது, மற்றொன்று பருவத்தைத் தடுத்தது.

பருவத்தைத் தடுக்க வேண்டிய தேவை எங்கிருந்து வந்தது என்பது எல்க், மியூல் மான் ஆகியவற்றின் பனிக்கால உடற்கூற்றில் உள்ளது. அவை பனிக்காலத்தில் உண்பது காய்ந்த புல்லும் சேஜ் என்னும் நறுமணப் புதரின் நுனியுமே. அவற்றால் உடல் எடையைக் காக்க முடியாது, இலையுதிர்காலத்தில் சேர்த்த கொழுப்பைக் கரைத்துக்கொண்டே நாள்களை ஓட்டுகின்றன. பிணைகள், அதாவது பெண் மான்கள், அப்போது சூல் சுமக்கின்றன. சேமிப்பு முற்றும் தீர்ந்து புதுப்புல் இன்னும் தலைகாட்டாத மார்ச், ஏப்ரல் மாதங்களில்தான் சாவு மிகுதி. அந்த நிலையில், பனி கரைந்த தெற்குநோக்கிய சரிவுகளில் ஒதுங்கி நிற்கும் மந்தையை ஒரு மனிதன் நெருங்கினால், அது ஆழ்பனியில் பாய்ந்தோடிச் செலவழிக்கும் ஆற்றலை மீண்டும் ஈட்டுவதற்கு அங்கே உணவில்லை. கொம்பு தேடுவோர் நாடுவதும் அதே தெற்குச் சரிவுகளையே: வெயில் படும் மேடு, ஓடையைத் தாண்டும் துறை, மான்கள் எம்பிக் குதிக்கும் வேலி மூலை, படுத்தெழும் புதரடி. தேர்ந்த தேடுநர் நிலத்தை வாசித்து, ஒரு கொம்பு கிடைத்த இடத்திலிருந்து அதன் இணையை வட்டமிட்டுத் தேடுவர். அந்தத் திறன் மதிக்கத்தக்கது. அத்திறனோடு பனியூர்தியும் நான்கு சக்கர வண்டியும் பழக்கிய நாயும் சேர்ந்தபோது, ஒரே மந்தை ஒரே வாரத்தில் பலமுறை கலைக்கப்பட்டது. கொம்பை விழவைப்பதற்காகவே கலைகளை விரட்டுவோரும் இருந்தனர்.

வயோமிங் சட்டமன்றம் 2009இல், கண்டத்தின் நீர்ப்பிரிமுகட்டுக்கு மேற்கேயுள்ள பொதுநிலங்களில் உதிர்கொம்பு எடுப்பதை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை மாநில வேட்டை மீன்வள ஆணையத்துக்கு வழங்கியது; அதன்படி ஜனவரி 1 முதல் மே தொடங்கும்வரை கொம்பு தேடுவது குற்றமாயிற்று. கொலராடோ 2018இல் மாநிலத்தின் மேற்குப் பகுதிக்கு ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான தடையைக் கொண்டுவந்தது. யூட்டா மாநிலம், பிப்ரவரி தொடங்கி ஏப்ரல் நடுப்பகுதிவரை தேடுவோர் ஓர் ஒழுக்கப் பாடத்தை இணையவழி முடித்திருக்க வேண்டும் என்பதோடு நெடுங்காலம் நிறுத்திக்கொண்டது. 2023இல் பனி வழக்கத்துக்கு மாறாகக் குவிந்தபோது, பருவத்தின் நடுவிலேயே மாநிலம் முழுவதும் மே 1 வரை தேடலை நிறுத்திவைத்தது. அதே பனிக்காலத்தில் மேற்கு வயோமிங்கின் மியூல் மான் மந்தையொன்றில், ஆய்வாளர்கள் கழுத்துப்பட்டை கட்டித் தொடர்ந்துவந்த முதிர்ந்த பிணைகளில் பாதிக்கும் மேற்பட்டவை மாண்டன. சட்டம் மனிதனைத் தள்ளிவைத்தாலும் இயற்கை எத்தனை கடுமையாக இருக்கக்கூடும் என்பதற்கும், அத்தகைய ஆண்டில் ஒரு தேவையற்ற ஓட்டமும் எத்தனை விலை பெறும் என்பதற்கும் அது சான்று.

தடை தன் பங்குக்குப் புதிய சிக்கலைப் பெற்றெடுத்தது. நான்கு மாதம் யாரும் தொடாத கொம்பு முழுவதும் ஒரே நாளில் திறந்துவிடப்படுவதால், மே 1 அன்று பிரிட்ஜர்–டீட்டன் தேசிய வனத்தின் எல்லையில், எல்க் சரணாலயத்தை ஒட்டிய சாலையில், நூற்றுக்கணக்கான வண்டிகளும் குதிரைகளும் முந்தின நாளே வரிசைகட்டி நின்றன. முதலில் நள்ளிரவில் பருவம் திறந்தது. இருட்டில் செங்குத்துச் சரிவுகளில் குதிரையேறி, வெள்ளம் பெருகிய ஓடைகளைக் கடந்து, தலைவிளக்கின் ஒளியில் கொம்பு தேடியதால் விபத்துகள் நேர்ந்தன. ஆகவே தொடக்க நேரம் காலை 6 மணிக்கு மாற்றப்பட்டது. 2023இல் இயற்றிய சட்டம் இன்னொரு படி மேலே சென்று, வெளிமாநிலத்தார் வனவுயிர்ப் பாதுகாப்பு முத்திரையை விலைகொடுத்து வாங்க வேண்டும் என்றும், வயோமிங் குடிகளுக்கு ஒரு வாரம் பிந்தியே, அதாவது மே 8 அன்றே தேடலைத் தொடங்கலாம் என்றும் விதித்தது. 2024 வசந்தத்தில் அது முதன்முறையாகச் செயலுக்கு வந்தது. தடைக்காலத்தில் இரவோடிரவாக நுழைந்து கொம்பைப் பொறுக்கிப் புதரடியில் மறைத்துவைத்துவிட்டு, மே முதல் நாளில் முறையாகக் கண்டெடுத்ததுபோல் சுமந்துவருவோரைப் பிடிப்பது காவலர்களின் நிரந்தரப் பணியாகிவிட்டது. யெல்லோஸ்டோன், கிராண்ட் டீட்டன் தேசியப் பூங்காக்களுக்குள் எந்தப் பருவத்திலும் கொம்பை எடுக்கக் கூடாது. அங்கே எடுத்து மாநில எல்லையைக் கடத்தினால் 1900ஆம் ஆண்டு லேசி சட்டத்தின்படி கூட்டரசு வழக்காகிறது.

சரணாலயத்துக்குள்ளோ வேறொரு கவலை முற்றிவருகிறது. 1912க்குமுன் உலர்புல்லாகத் தொடங்கி, 1975 முதல் குதிரைமசாலை அழுத்திச் செய்த குச்சித் தீவனமாக மாறிய பனிக்கால உணவளிப்பு, மான்களைப் பட்டினியிலிருந்து காத்ததோடு, ஆயிரக்கணக்கானவற்றை ஓரிடத்தில் நெருக்கியும் வைத்தது. 1927 முதல் ஜாக்சனில் தங்கி எல்க் மானை ஆய்ந்த ஓலஸ் மூரி, முரட்டு உலர்புல்லில் உள்ள கூர்முனைகள் வாயைக் கிழித்து நோய்க்கு இடமளிக்கின்றன என்பதைக் கண்டறிந்து, இந்த ஏற்பாட்டின் உள்முரணை அப்போதே சுட்டினார். மூளையைச் சிதைத்து மானை மெலிவித்துக் கொல்லும், மருந்தில்லாத தேய்வுநோய் 2020 டிசம்பரில் கிராண்ட் டீட்டன் பூங்காவில் ஓர் எல்க் மானிடம் உறுதிப்பட்டபின், அந்த நெருக்கமே பெரும் அச்சமாயிற்று. நோய்க்காரணியான புரதம் மண்ணில் ஆண்டுக்கணக்கில் நிலைக்கக்கூடியது. அதற்கு முன்னரே, 2019இல், உணவளிப்பைப் படிப்படியாகக் குறைத்து மான்களை இயற்கை மேய்ச்சலுக்குத் திருப்பும் திட்டத்தைச் சரணாலயம் ஏற்றிருந்தது. அந்தத் திட்டம் நிறைவேற வேண்டுமானால் சரணாலயத்தில் தானாக விளையும் புல் பெருக வேண்டும், அதற்கு நீர் பாய வேண்டும். அப்பாசனச் செலவில் ஒரு பங்கை, மே மாதந்தோறும் நகரச் சதுக்கத்தில் சாரணச் சிறுவர்கள் கட்டுக்கட்டாக ஏலமிடும் உதிர்கொம்பு இன்றும் ஈடுசெய்து வருகிறது.